ராமதாஸின் கை

கை நின்றுவிடும். வலக்கை எழுத்துப் பெட்டிக்கு மேலே அந்தரத்தில் நிற்க, இடக்கையில் ஈய எழுத்துகள் பாதி கோத்த ஸ்டிக். "இதுக்கு மேல ஓடலண்ணே. இது நீங்க எழுதுனதில்ல, எங்கயோ படிச்சது" என்பார் ராமதாஸ். ஆசாமி சொன்னால் சொன்னதுதான்.

தெற்கு மாசி வீதிக்குப் பின்னால், சந்துக்குள் இருக்கும் அச்சுக்கூடத்தில் அவர் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். நான் மெஷின் சக்கரம் சுற்றுகிறவன்; ஓய்ந்த நேரத்தில் ஏதாவது கிறுக்குவேன், அவர் கோத்துப் பார்ப்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. கோபம் வந்தால் சௌராஷ்டிர பாஷையில் திட்டுவார்; எனக்கு ஒரு எழவும் புரியாது, அதனால் வருத்தமும் இல்லை. மத்தியானம் புளிச்சோற்றைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, "எழுதினீங்களா?" என்று கேட்பார். என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்கிற இந்த மதுரையில், என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே மனுஷன்.

எங்கள் ஊர் நாகமலைக்கு மேற்கே. பொழுது சாய்ந்தால் ஆண்கள் போலீஸ் கச்சேரிக்குப் போய்க் கைரேகை வைத்து, விடியும்வரை அங்கேயே படுக்க வேண்டும். எங்களைக் குற்றப் பரம்பரை என்கிற சர்க்கார் சட்டம். திருடியவன், திருடாதவன் என்ற பேதமெல்லாம் கிடையாது. போன ஐப்பசியில் நான் அங்கே படுத்திருந்தபோது, வீட்டில் என் மகள் இருளாயி ஜுரத்தில் போய்விட்டாள். ஏழு வயது.

அதை எழுதினேன். விதியின் கொடுங்கரம், கண்ணீர் வெள்ளம் என்று நாலு பக்கம். மூன்றாவது வரியிலேயே ராமதாஸின் கை நின்றது.

"அழுததெல்லாம் இருக்கட்டும்ணே. சேதி வந்தப்ப என்ன செஞ்சீங்க?"

"என்னத்தச் செய்ய? விடியாம வெளிய விட மாட்டாக. விடிஞ்சதும் பாயச் சுருட்டி மூலையில வச்சேன். வைக்காமப் போனா ஏட்டய்யா வைவாரு."

ராமதாஸ் அதுவரை கோத்த வரிகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டார். பிறகு, "அத எழுதுங்க" என்றார்.

எழுதினேன். எனக்கு எழுத வரும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

இரண்டே பக்கம். கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. அடியில் 'நல்லகாமன்' என்று என் பெயரையும் அவரே கோத்தார். ரேகைப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் ஏறாத பெயர். புரூஃபில் அதை நாலைந்து தரம் பார்த்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

கூடத்தில் அச்சாகும் மாதப் பத்திரிகைக்கும் ஆசிரியர் எங்கள் முதலாளிதான். புரூஃபைப் பார்த்ததும் முகம் வெளுத்து ராமதாஸிடம் பாய்ந்தார். "ரேகைக்காரன் பேரா? போலீஸ் வந்து கூடத்தையே பூட்டிருவான்யா! பேர எடுத்துட்டு 'ஒரு நண்பர்'னு போடு. முடியாதுன்னா நாளையிலருந்து நீயும் வராத."

ராமதாஸுக்கு நாலு பிள்ளைகள். என் பெயரைப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தாகப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டார். ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். கை நின்றுவிட்டது.

"ஓடலண்ணே."

"கோத்துருங்க தம்பி. ஒங்க பிள்ளைக பசியோட கிடக்கணுமா?" என்றேன். அப்போதும் அசையவில்லை. 'ஒரு நண்பர்' என்பதை நானே எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஒ..."

அவர் ஸ்டிக்கைக் கீழே வைத்தார். இடக்கையால் வலக்கை மணிக்கட்டை இறுகப் பிடித்து, அந்த எழுத்து இருக்கும் அறைக்கு அதை இழுத்துக்கொண்டு போனார்.