ஒட்டக்கூடாத இருபத்தி நாலு துண்டு

ஹைதராபாத்ல பாதி இன்ஜினீயருக்கு கால்குலஸ் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

பொய். நான் ஆறாங்கிளாஸ் ஃபெயில். மல்காஜ்கிரியில ஒரு ஜூனியர் காலேஜ்ல அட்டெண்டர். பெல் அடிப்பேன், போர்டு துடைப்பேன், டீ கொண்டு போவேன். ஆனா கால்குலஸுக்கு தெர்மாகோல் வெட்டினவன் நான்தான், அது நிஜம். அதனால ஒருத்தங்க வேலை போச்சு, அதுவும் நிஜம். புதுசா அட்டெண்டரா வர்றவங்க படிச்சு வெச்சுக்கங்க.

1. கேரட்டு

இங்க வர்றதுக்கு முன்னாடி எனக்கு கல்யாண மேடை டெக்கரேஷன் தொழில். தெர்மாகோல்ல மயில், தாமரை, பொண்ணு மாப்பிள்ளை பேரு, எல்லாம் சூட்டுக் கம்பியில வெட்டுவேன். இது எஸ்தர் மேடத்துக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. மாரெட்பள்ளி தமிழ்க்காரங்க, மேத்ஸ் லெக்சரர். மூணு வருஷமா டெம்பரரி. ஒரு டெமோ கிளாஸ் எடுக்கணும், கரெஸ்பாண்டென்ட்டும் வெளியில இருந்து வர்ற ரெண்டு ப்ரொஃபசரும் பின் பெஞ்சுல உக்காந்து பாப்பாங்க. புடிச்சா பர்மனென்ட். புடிக்கலைன்னா அதோட வீட்டுக்கு.

"சவரி அண்ணே, கேரட்டை வட்ட வட்டமா நறுக்குவீங்கல்ல?"

"என் பொண்டாட்டி நறுக்குவா மேடம். நான் திங்கிறதோட சரி."

சிரிச்சாங்க. "ஒவ்வொரு வட்டத்துக்கும் பரப்பு இருக்கு, கனம் இருக்கு. ரெண்டையும் பெருக்கி, எல்லா வட்டத்தையும் கூட்டினா முழுக் கேரட்டோட கன அளவு வந்துடும். துண்டு எவ்ளோ மெல்லிசோ கணக்கு அவ்ளோ சரியா வரும். பசங்க ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணுறாங்க, உருவம் கண்ணுக்குத் தெரியல. நீங்க எனக்கு ஒண்ணு செஞ்சு தரணும்."

அவங்க கேட்டது வட்டத் துண்டு இல்ல, சதுரம். ஒரு அடி அகலத்துல அட்டையில ஒரு வட்டம் போட்டாங்க. அரை இன்ச்சுக்கு ஒரு கோடு, மொத்தம் இருபத்தி நாலு. அரை இன்ச் தெர்மாகோல்ல ஒவ்வொரு கோடும் எவ்ளோ நீளமோ அவ்ளோ பெரிய சதுரம் வெட்டி, கோட்டு மேல நிக்க வைக்கணும். ஓரத்துல சின்னது, நடுவுல பெருசு. ஒரு இரும்புக் கம்பியில கோத்துடணும்.

"ஒட்டாதீங்கண்ணே. கிளாஸ்ல ஒண்ணை உருவி ஸ்கேல் வெச்சு அளந்து காட்டணும். அதுதான் பாடமே."

"ஹவ் மேடம்"னேன், இந்த ஊர்ல ஆமான்னு சொல்றது அப்படித்தான். பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

2. உப்புத்தாளு

வெட்டினேன். கோத்தேன். பாத்தா ஒரே படிக்கட்டு படிக்கட்டா நிக்குது. கல்யாண மேடையில இப்படி வெச்சா பொண்ணோட அப்பன் செருப்பைக் கழட்டுவான். எங்க தொழில்ல இணைப்பு தெரியவே கூடாது. தெரிஞ்சா வேலை தெரியாதவன்னு அர்த்தம். என் கை சும்மா இருக்குமா? வெள்ளை கோந்து போட்டு இருபத்தி நாலையும் ஒட்டினேன். உப்புத்தாள் வெச்சுத் தேச்சேன், படியெல்லாம் போச்சு. பட்டி பாத்தேன். ஆயில் பெயிண்ட் அடிச்சா தெர்மாகோலைத் தின்னுடும், அதனால வாட்டர் பெயிண்ட்ல மாம்பழ மஞ்சள். மேல ஜிகினாத்தூள். சும்மா தகதகன்னு இருந்துச்சு. மேடம் ஆச்சரியப்படட்டும்னு துணி போட்டு மூடி, டெமோ அன்னிக்குக் காலையில நேரா கிளாஸ்ல கொண்டு வெச்சேன்.

அவங்க கேட்டதைத் தவிர எல்லாம் செஞ்சிருந்தேன்.

3. டீ டிரே

பின் பெஞ்சுக்கு டீ எடுத்துக்கிட்டு நான் கதவுகிட்ட நிக்கிறேன். மேடம் போர்டுல வட்டம் போட்டாங்க, அழகா பேசினாங்க, "இப்ப கண்ணால பாக்கலாம்"னு துணியை எடுத்தாங்க.

பசங்க விசில் அடிச்சானுங்க. மேடம் மூஞ்சி மட்டும் வெளுத்துப்போச்சு.

ஒரு ப்ரொஃபசர் கேட்டாரு, "வெரி நைஸ் மேடம். ஒரு ஸ்லைஸ் தனியா எடுத்துக் காட்டுங்க."

மேடம் நகத்தால கீறிப் பாத்தாங்க. கம்பியைப் புடிச்சு இழுத்தாங்க. மஞ்சப் பொடி கையில ஒட்டுச்சே தவிர ஒண்ணும் வரல. என் வேலை அவ்ளோ சுத்தம்.

"ஸ்லைஸே இல்லாம இதை எதுக்கு மேடம் கொண்டு வந்தீங்க? ஷோவுக்கா?"

மேடம் கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பாத்தாங்க. ஒரே ஒரு தடவை. நான் டீயைப் பாத்தேன். ஆறிக்கிட்டிருந்துச்சு.

"சாரி சார். நான் சரியா சொல்லி வாங்கல"ன்னாங்க.

என்னைக் காட்டிக்குடுக்கல. மிச்சப் பாடத்தைப் போர்டுலயே நடத்தினாங்க. எனக்கே புரியுற மாதிரிதான் நடத்தினாங்க. ஆனா பின் பெஞ்சுல உக்காந்தவங்க பேப்பர்ல என்ன எழுதினாங்க தெரியுமா? முன் தயாரிப்பு இல்லைன்னு. மாசக் கடைசியில எஸ்தர் மேடம் கிடையாது.

பிரின்சிபால் என் முதுகுல தட்டி, "க்யா மஸ்த் பனாயா சவரி!", சூப்பரா செஞ்சிருக்கேன்னாரு. மேடத்தை வெளிய அனுப்பிட்டு நான் செஞ்சதை ஆபீஸ் ரூம் கண்ணாடி அலமாரியில வெச்சாங்க. அட்மிஷனுக்கு வர்ற அப்பா அம்மாவெல்லாம் வாயப் பொளந்து பாக்குறாங்க. துடைக்கிறது நான்தான்.

கத்துக்கிட்டது இதுதான். கேட்டதை மட்டும் செய். உன் கைவேலையைக் காட்ட அடுத்தவங்க பொழப்பு இடம் கிடையாது. அதையும் மீறிக் கெடுத்துட்டியா, வாயைத் திற. கோந்து போட்டதுகூட முட்டாள்தனம்னு போகட்டும். அந்த டிரேயைப் புடிச்சுக்கிட்டு நின்னேன் பாருங்க, அதுக்குப் பேரு வேற.

போன மாசம் ஏ.எஸ்.ராவ் நகர் பஸ் ஸ்டாப்புல மேடத்தைப் பாத்தேன். வீடு வீடாப் போயி டியூஷன் எடுக்குறாங்களாம். திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல.

"அண்ணே, அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான்தான் ஒட்டினேன்னு."

"சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும் மேடம்."

"ம். யாரோ ஒருத்தர் வேலை போகத்தான் வேண்டியிருந்துச்சு"ன்னாங்க.

பஸ் வர்ற மாதிரி இல்ல. நான் மெதுவா, "மேடம், இப்பவாவது பிரின்சிபால்கிட்ட போயி நான்..."னு ஆரம்பிச்சேன். அதுக்கு அவங்க...

"ஏ சவரி! கித்தர் மர்கயா, எங்க போய்த் தொலைஞ்சே? தேர்ட் பீரியட் பெல்லு உங்க அப்பனா வந்து அடிப்பான்?"

பிரின்சிபால் கத்துறாரு, மிச்சத்தை அப்புறம் எழுதுறேன். இதோ வர்றேன் சார்.