சரக்கறைச் சன்னலும் லேடாங் மலையும்

காஜா பெராங்கில் எங்கள் வீட்டுச் சரக்கறைக்கு ஒரு சன்னல் உண்டு. மிளகாயும் வெங்காயமும் அடுக்குகிற அறைக்கு எந்த வியாபாரி சன்னல் வைப்பான்? சாரல் அடிக்கும், திருடன் கையை விடுவான். எங்கள் வாப்பா வைத்தார். அவருடைய தம்பி மனைவி, எங்கள் சாச்சி, அந்த வீட்டில் வாய்திறந்து கேட்ட ஒரே பொருள் அதுதான்.

அது வெள்ளைக்காரன் காலம். சாச்சி சிகாமட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர். அந்த ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்பது லேடாங் மலை. துரைமார்கள் அதை ஓபிர் என்றார்கள். சாச்சிக்கு அது 'உம்மா வூட்டு மலை'. அவர் பிறந்த வீட்டில் வெயில் அந்த மலைப் பக்கம்தான் போய் இறங்குமாம். இங்கே அதே பக்கமிருந்து ஏறி வந்தது. விடிந்ததும் கொல்லையில் நின்று, தென்னைகளுக்கு மேலே நீலமாகத் தெரியும் அந்த உச்சியைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். மேகம் மூடிய நாளில் சோறு குழைந்துவிடும். நாங்கள் அதையே பிசைந்து தின்றுவிட்டு எழுவோம். பெருநாளுக்குக்கூட ஊருக்குப் போக அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பேறுகாலம், கைக்குழந்தை என்று ஏதாவது ஒன்று காலைக் கட்டிப்போட்டுவிடும்.

ஜாலான் பெண்டஹாரா வீதியில் எங்கள் கடை பெருகியதும், கொல்லையை அடைத்துச் சரக்கறை கட்டக் கொத்தனார் வந்தார். சுவர் இடுப்பளவு உயர்ந்த அன்று சாச்சி என் உம்மாவிடம் வந்து நின்றார்.

"மச்சான்கிட்ட சொல்லுங்க லாத்தா. அந்த மலையப் பாக்கலன்னா, எங்க உம்மா எந்தப் பக்கம் இருக்காங்கன்னே எனக்குத் தெரியாமப் போயிரும்."

மிளகாய்க்கும் காற்று வாங்க ஆசையோ என்று வாப்பா கேலி செய்தார். ஆனாலும் மறுநாள் கொத்தனாரிடம் சன்னலுக்கு இடம் விடச் சொன்னார்.

சில வருடம் கழித்து, சாச்சியின் உம்மா மவுத்தான செய்தி அடக்கம் முடிந்த பிறகே எங்களுக்கு வந்து சேர்ந்தது. சாச்சி அழுததை நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை சன்னலைச் சாத்தித் தாழிட்டார். வெங்காய மூட்டைகளைத் தாமே இழுத்துவந்து அதை மறைத்து அடுக்கினார்.

"இனிமே இந்த எடத்தையும் சரக்குக்கே வச்சுக்கங்க" என்றார்.

அதன்பின் அவர் அந்த மலையை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

போன மாதம் என் மகளைச் சிகாமட்டில் கட்டிக்கொடுத்தோம். இப்போதெல்லாம் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு அங்கே இருக்கலாம். இருந்தும் நேற்று விடிந்ததும் சரக்கறைக்குப் போய் மூட்டைகளை நகர்த்தினேன். துருப்பிடித்த தாழ்ப்பாள் லேசில் அசையவில்லை. தட்டித் தட்டித் திறந்தபோது மலையை மேகம் மூடியிருந்தது. விலகட்டும் என்று நின்றேன்.