முசரவாக்கத்துக் கால்பந்து மிஷின்

பசங்களா, நீங்கள் போனில் கால்பந்து ஆடுகிறீர்கள். நாங்கள் ஆடியது பீரோ உயர மிஷினில். பஸ் ஸ்டாண்டு பக்கத்து வீடியோ கேம் கடையில் நின்றது. பலகையில் பாதி புதைந்த இரண்டு வெள்ளை உருண்டைகள். உள்ளங்கையால் உருட்டினால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள். அந்த மாதிரி மிஷின் காஞ்சிபுரத்தில் அது ஒன்றுதான்.

நானும் என் சிநேகிதனும் கடைசியாக ஆடியபோது இரண்டுக்கு இரண்டு. அப்போது பார்த்துக் கரண்டு போனது. அந்த வாரமே கடையை மூடிவிட்டார்கள். நான்தான் ஜெயித்திருப்பேன் என்று அவன் சொல்வான், நானும் விடமாட்டேன்.

பல வருஷம் கழித்து அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து நின்றான்.

"டேய், அத முடிக்காம பிளேன் ஏற மாட்டேன்டா."

பழைய கடைக்காரரைப் பிடித்தோம். மாகறல் மச்சானுக்குக் கொடுத்துவிட்டாராம். மாகறலில் கேட்டால், முசரவாக்கத்து சைக்கிள் கடைக்குப் போய்விட்டது என்றார்கள்.

அங்கே இருந்தது. தலைமேல் பழைய டயர்கள்.

"படம் வருதுபா. உருண்டதான் நகர மாட்டேங்குது," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

குனிந்து பார்த்தேன். உருண்டைகளைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் கல்லாக இறுகிக் கிடந்தன.

"இன்னாணா இது?"

"ஆயுத பூஜைக்குப் பம்புக்கு வெக்கிறேன், ஸ்பானருக்கு வெக்கிறேன், இத வுட முடியுமா? ஓடலயேன்னு வருஷா வருஷம் இன்னும் தூக்கலா வெச்சேன்."

வெந்நீர்த் துணியால் ஊறவைத்தோம். இடது உருண்டை சுழன்றது. வலது முக்கி முக்கி அசைந்தது. காசு சுண்டியதில் இடது எனக்கு வந்தது. பாதி ஆட்டத்துக்குள் ஒரு கோல் போட்டுவிட்டேன்.

"நான் உன்னோட ஆடலடா, சந்தனத்தோட ஆடிக்கினு இருக்கேன்," என்றான் அவன், கையை உதறிக்கொண்டு.

பாதியில் இடம் மாறுவது பழைய கடையில் எங்கள் வழக்கம். அவன் அதைக் கேட்கவில்லை. நானே வலது பக்கம் போய் நின்று, "நகருடா" என்றேன்.

இரண்டு கோல் போட்டான். தோற்றேன். மறுநாள் பிளேன் ஏறினான்.

பிறகு மிஷினை விலைக்குக் கேட்டேன். "பூஜ போட்ட பொருளுபா, குடுக்க மாட்டேன்," என்றுவிட்டார் கடைக்காரர். அதனால்தான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் உங்களையும் கூட்டிக்கொண்டு முசரவாக்கம் போகிறேன். பொட்டு உருண்டையில் விழாமல், பக்கத்துப் பலகையில் விழும்படி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் லீவில் வந்தால் மறு ஆட்டம் உண்டு.