அளவுக்கு நின்ற அய்யலுச்சாமி

செவ்வாய்க்கிழமை காலை என் ஸ்டுடியோவில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். “காது தெரியணும்மா, முடியை ஒதுக்கு” என்று சொல்லிக் கேமராவில் கண்ணை வைத்தபோது போன் அடித்தது. அய்யலுச்சாமியின் மகள் கௌசல்யா. “மாமா, அப்பா இறந்துட்டாவ” என்றாள். “எந்த அப்பா?” என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். ஒரு பிள்ளைக்கு எத்தனை அப்பா இருக்க முடியும்? மில்லில் முதல் ஷிப்ட்டில் டீ குடிக்க உட்கார்ந்தவர் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

போனை வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் படம் எடுத்தேன். பிரிண்ட் போட்டேன், வெட்டினேன், கவரில் போட்டுக் கொடுத்தேன். எப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் வண்டியிலிருந்து இறங்கி, “அடுத்த வாரம் இன்னும் வெள்ளனக் கிளம்பணும் அண்ணாச்சி, வெயில் தாங்கல” என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். ஐம்பத்து நாலு வயதெல்லாம் ஒரு வயதா?

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை நூல் மில்லின் பிட்டராகத் தெரியும். எந்த மெஷின் நின்றாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார் என்பீர்கள். எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை ஆள். வாரத்தில் ஆறு நாள் ஊர்க்காரர்களின் முகத்தைப் படம் எடுத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. கண் சிமிட்டாத, “இன்னொண்ணு எடுங்க, கன்னம் குண்டா விழுந்திருக்கு” என்று சொல்லாத எதையாவது எடுக்க வேண்டும் என்று பழைய கட்டடங்களைத் தேடிக் கிளம்பினேன். டிரைபாடின் தலை கழன்றபோது சரிசெய்து கொடுத்தவர் அவர்தான். எதற்கு இது என்று கேட்டார். சொன்னேன். மறு ஞாயிறு புளியோதரைப் பொட்டலத்தோடு கடை வாசலில் நின்றார். பதினோரு வருஷம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவோம்.

முதல் நாள் போனது கரிசல் காட்டுக்கு நடுவே மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலை. செங்கல் புகைக்கூண்டு ஒன்று அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நின்றது. எடுத்த படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது எவ்வளவு உசரம்னு பாக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?” என்றார். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுடுகிற மண்ணில் நடந்துபோய், புகைக்கூண்டின் அடியில் அதைப் பார்த்து விறைப்பாக நின்றுகொண்டார். “நான் நூத்தி அறுபத்தஞ்சு சென்டிமீட்டர். செருப்போட நின்னா கூடிரும். இப்ப எடுங்க” என்றார். இந்தப் பக்கம் திரும்புங்கள் என்றேன். “என் மூஞ்சியில என்ன வரலாறா எழுதியிருக்கு? மூஞ்சி தெரிஞ்சா பாக்கிறவன் என்னையத்தான் பாப்பான், கட்டடத்தைப் பாக்க மாட்டான்” என்றார். அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கம் ஆகிவிட்டது. ஜமீன் வீட்டு வாசல், பயணியர் பங்களா, ஓடு சரிந்த ரயில்வே குவார்ட்டர்ஸ், எங்கே போனாலும் முதலில் ஒரு படம் அவரோடு.

அவர் நிற்கிற நிலையைப் பார்த்தால் வீட்டுப்பாடம் எழுதாத பையனை வாத்தியார் நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். கழுகுமலைப் பக்கம் ஒரு பழைய சத்திரத்துச் சுவரைப் பார்த்து அப்படி நின்றபோது தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். “என்ன அண்ணாச்சி, என்ன தப்பு பண்ணுனீங்க? சுவத்தைப் பாத்து நிக்க விட்டுட்டாரு?” என்று ஒருத்தி கேட்டாள். இவர் திரும்பாமலே, “கணக்கு வரலம்மா, அதான்” என்றார். அவர்கள் சிரித்த சிரிப்பில் என் கை ஆடி அந்தப் படம் வீணாகிவிட்டது.

வெறும் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். கயத்தாறுக்குப் போகும் வழியில் ஒரு ஊரில் சாலையை அகலப்படுத்தியபோது கல்மண்டபம் ஒன்றைப் பிரித்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் கொஞ்சம் தள்ளி அதைத் திரும்ப எழுப்ப முயன்றபோது அடிமேடை எவ்வளவு உயரம் இருந்தது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு அளவு சொல்லிச் சண்டையே வந்துவிட்டது. எங்கள் பழைய படத்தில் மேடை அவருடைய பெல்ட்டுக்கு ஒரு விரல் மேலே வந்தது. கொத்தனார் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இங்கன வந்து நில்லுங்க அண்ணாச்சி” என்றார். அய்யலுச்சாமி போய் நின்றார். அவர் இடுப்பில் வைத்து நூல் பிடித்தார்கள். அந்த மண்டபம் இப்போதும் நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

இனிச் சொல்வதில் எனக்கு வெட்கம் இருக்கிறது. ஒரு போட்டோப் போட்டிக்காக ஜமீன் வீட்டு வாசல் படத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் அவரை அழித்துவிட்டேன். ஆள் இல்லாமல் படம் சுத்தமாக இருப்பதாகப் பட்டது. ஆறுதல் பரிசு கிடைத்தது. பெருமையாகக் கடையில் மாட்டி வைத்தேன். ஒரு நாள் உள்ளே வந்தவர் வெகுநேரம் பார்த்தார். “நான் எங்க அண்ணாச்சி?” என்றார். போட்டிக்காக என்று மென்று முழுங்கினேன். “சரி. இந்த வாசல் எத்தனை அடின்னு இப்பச் சொல்லுங்க பாப்போம்” என்றார். கேட்டுவிட்டுப் போனவர் மூன்று ஞாயிறு வரவில்லை. நாலாவது ஞாயிறு வழக்கம்போலப் புளியோதரையோடு வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். நான் படத்தைக் கழற்றிவிட்டேன், ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுக்கொள்ளலாம், என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவருடைய மைத்துனர் கடைக்கு வந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும். இந்த ஊரில் யார் இறந்தாலும் படத்தைப் பெரிதாக்க என்னிடம்தான் வருவார்கள். “வாரா வாரம் ஒண்ணாச் சுத்துனீங்க, உங்ககிட்ட இல்லாமலா இருக்கும்” என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதுகு. அடுத்ததைத் திறந்தேன். முதுகு. பதினோரு வருஷத்தையும் திறந்தேன். ஒன்றில் இடது காது கொஞ்சம் தெரிந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, தலையில் யாரோ அடித்த மாதிரி. ஊர் முகத்தையெல்லாம் எடுத்த நான் இந்த ஒரு முகத்தை எடுக்கவே இல்லை. அவர்கள் வீட்டு ஆல்பத்திலும் அவர் நாற்காலி தூக்கிக்கொண்டோ பந்தியில் குனிந்துகொண்டோ இருந்தார். கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினேன். யாரோ திட்டியதும் முழிக்கிற ஒரு ஆள் மாதிரி வந்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்து, அவரோடு மில்லில் வேலை பார்த்தவரே, “இது யாரு?” என்று பக்கத்து ஆளிடம் கேட்டதை நான் காதால் கேட்டேன். அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி ராமலட்சுமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். வீட்டில் மாட்ட அந்த ஆதார் படம் வேண்டாமாம். இருக்கிற படத்தையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். ஒவ்வொன்றாக வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். “இது அவிய இடுப்பு வலியோட போன அன்னைக்கு. தோள் ஒரு பக்கமா இறங்கியிருக்கு பாருங்க. இது என்னோட சண்டை போட்டுட்டுப் போனது, சட்டையை இஸ்திரி போடாம மாட்டிக்கிட்டுப் போனாவ” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஊர்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. ஒரு படத்தைத் தனியே எடுத்து வைத்தார். பயணியர் பங்களாவைப் பார்த்து அய்யலுச்சாமி நிற்கிற படம்.

மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. “முதுகுக்குப் போயி யாராச்சும் மாலை போடுவாவளா? ஊரு சிரிக்கும்” என்றார். “சிரிக்கட்டும். ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல நின்னு நான் பாத்ததெல்லாம் இந்த முதுகைத்தான” என்றார் ராமலட்சுமி. நானே பிரேம் போட்டு, நானே ஆணியடித்து மாட்டினேன். கௌசல்யா மாலை போட்டாள்.

கிளம்பும்போது ராமலட்சுமி வாசல்வரை வந்தார். “அண்ணே, ஒண்ணு கேக்கணும். இந்தக் கட்டடத்தையெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கும்போது அவிய மூஞ்சி எப்படி இருக்கும்? சிரிப்பாவளா?”

நான் பின்னால் நின்றவன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட முன்னால் போய் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

“சிரிப்பாரும்மா” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அய்யலுச்சாமி எனக்கு விட்டுப்போனது ஒரு கம்ப்யூட்டர் நிறைய முதுகு. அதோடு, அவர் மனைவியிடம் நான் சொன்ன இந்தப் பொய்யையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.