நிலாவுக்குப் போன புதுவயல் பஸ்

"நல்லாப் பேசிக்கிட்டு இருந்த மனுசன், இப்படி எழுதி வாயக் கட்டிப்புட்டீகளே டீச்சர்!"

போன மாதம் ஒரு காலையில், காரைக்குடியிலிருந்து புதுவயல் போகும் டவுன் பஸ்ஸில் எனக்குக் கிடைத்த திட்டு இது. திட்டியவர் பஞ்சவர்ணம் அக்கா. புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறார். நான் அதே ஊரில் கெமிஸ்ட்ரி டீச்சர். தினமும் ஒரே பஸ், பெரும்பாலும் ஒரே சீட்.

வாய் கட்டப்பட்ட மனுசன், எங்கள் கண்டக்டர் வெள்ளைச்சாமி அண்ணன். கட்டியது என் கவிதை!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும் - நான் கவிதை எழுதுகிற ஆள் இல்லை. கேஸ் சிலிண்டர், பேரண்ட்ஸ் மீட்டிங், மாமியாரின் சீரியல்... இதுதான் என் ஏரியா. அப்படிப்பட்டவள் கவிதை எழுதியதும், அதை ஒரு வார இதழ் படம் போட்டு வெளியிட்டதும், அதனால் ஒரு பஸ்ஸே அமைதியாகிப் போனதும் எப்படி?

போன வருஷம், மழை மூட்டத்தில் இருட்டிக் கிடந்த ஒரு காலை. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் எங்கள் வண்டி நிற்கிறது. முன்னாடி இருக்கும் போர்டில் லைட் எரியவில்லை. வருகிறவர்கள் எல்லாம் வெள்ளைச்சாமி அண்ணனிடம் ஒரே கேள்வி: "இது எங்குட்டுப் போகுது?" அவரும் புதுவயல், புதுவயல் என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். கடைசியாக, கீரைக்கூடையோடு வந்த ஒரு அம்மா அதே கேள்வியைக் கேட்டார்.

"நிலாவுக்குப் போகுது ஆத்தா. லேடீஸுக்கு ஃப்ரீ. ஏறுங்க."

அந்த அம்மா அசரவில்லை. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "புதுவயல்ல நிக்குமாப்பா?"

"நிக்கும்."

"அப்பச் சரி."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், பள்ளிக்கூடம் போனேன், மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்!

சில மாதம் கழித்து, குக்கர் விசிலுக்காக அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது, அந்த பஸ் தானாகக் கிளம்பிவிட்டது. புதுவயலில் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் ரோட்டை விட்டு மெல்ல மேலே ஏறியது. மில் புகைபோக்கிகளுக்கு மேலே, மேகத்துக்கும் மேலே... உள்ளே வெள்ளைச்சாமி அண்ணன் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு டிக்கெட் கிழிக்கிறார். கீழே ஊர், சிந்திய அரிசி மாதிரி மினுங்குகிறது. போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். விசில் எத்தனை வந்தது என்று தெரியாது. அன்றைக்கு எங்கள் வீட்டில் குழைந்த சாதம்.

அந்தக் கவிதையின் முடிவு மட்டும் இங்கே:

*நிலா ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள்*
*முன்னால் வாருங்கள் என்கிறார் கண்டக்டர்.*
*ஒருவரும் எழவில்லை.*
*எல்லோருக்கும் அன்றைக்கு*
*ஜன்னலோரம் கிடைத்திருந்தது.*

இதழ் வெளியானதும் முதல் விமர்சனம் என் கணவரிடமிருந்து. "கெமிஸ்ட்ரி டீச்சரே நிலாவுக்கு பஸ் விட்டா, பிள்ளைக மதிக்குமா?" மதித்தார்களோ இல்லையோ, படித்தார்கள். பிளஸ் ஒன் வகுப்பில் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மிஸ், அங்கதான் ஆக்சிஜனே கிடையாதே. பஸ்ல எல்லாரும் எப்படி மூச்சு விட்டாக?"

"ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

ஊரில் ஒரு வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். நானும் ஆழ்மனம், கனவு, மௌனம் என்று என்னென்னவோ சொன்னேன். இரண்டு பேர் அதை எழுதி வேறு வைத்துக்கொண்டார்கள்... பாவம்!

வெள்ளைச்சாமி அண்ணனிடம் இதழைக் கொடுத்தபோதுதான் எனக்கு நிஜமான சந்தோஷம். ஓடும் பஸ்ஸில், கம்பியில் சாய்ந்துகொண்டு முழுதாகப் படித்தார். மறுபடி படித்தார். "நானா டீச்சர் இதச் சொன்னேன்?" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை! வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி அந்தப் பக்கத்தை லேமினேட் பண்ணி டி.வி.க்கு மேலே மாட்டிவிட்டாராம். டிரைவருக்கு மட்டும் ஒரு குறை. "அம்புட்டுத் தூரம் ஓட்டிக்கிட்டுப் போனது நானு. பேரு மட்டும் அவருக்கா?"

ஒரு வாரம் திருவிழாதான். ஏறுகிறவர்கள் எல்லாம் "அண்ணே, நிலாவுக்கு ரெண்டு" என்றார்கள். அண்ணனும் சிரித்தார். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் காலேஜ் பையன்கள் போனை நீட்ட ஆரம்பித்தார்கள். "அண்ணே, ஒண்ணு சொல்லுங்கண்ணே. ரீல்ஸ் போடணும்."

கொஞ்சம் கொஞ்சமாக அவர் பேச்சு குறைந்தது. படியில் நிற்பவர்களை உள்ளே வரச் சொல்வதற்குக்கூட ஒரு கதை வைத்திருந்தவர், இப்போது விசிலை மட்டும் ஊதினார். டிக்கெட்... டிக்கெட்... அவ்வளவுதான். பஸ் மற்ற எல்லா பஸ்ஸையும் மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் பஞ்சவர்ணம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "பகல் பூரா மில்லுல தவிட்டுத் தூசி டீச்சர். இந்த பஸ்ல வர்ற நேரந்தான் நாங்க சிரிக்கிறது. அதையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டீக."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கவிதைக்கு இந்த விலையா?

அன்று புதுவயலில் இறங்கியதும் நேரே பள்ளிக்கூடம் போகவில்லை. பஸ் திரும்பக் கிளம்பக் கொஞ்சம் நேரம் இருந்தது. டீக்கடையில் தனியாக நின்றுகொண்டிருந்த வெள்ளைச்சாமி அண்ணனிடம் போனேன்.

"என் மேல கோவமாண்ணே?"

"சேச்சே! கோவமெல்லாம் இல்ல டீச்சர்." கிளாஸை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "முன்னாடியெல்லாம் நான் பேசுறேன்னு எனக்கே தெரியாது. அதுபாட்டுக்கு வரும். இப்ப வாயத் தொறக்குமுன்னயே, இது நல்லா இருக்குமான்னு ஒரு நெனப்பு குறுக்க வருது. அம்புட்டுப் பேரும் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காக. ஒண்ணும் வரமாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திகைத்துப் பார்த்தார்.

"அண்ணே, எனக்கும் அதே கதைதான். இன்னொரு கவிதை அனுப்புங்கன்னு எடிட்டர் கேட்டிருக்காரு. சாயங்காலம் மொட்டை மாடியில சேர் போட்டு உக்காந்து நிலாவைப் பாத்தேன். ஒரு வரி வரலை. கொசுதான் வந்துச்சு."

"நெசமாவா? படிச்சவுகளுக்கும் அப்படி ஆகுமா?"

"வாராவாரம் எழுதுறவளுக்கு வாராவாரம் ஆகும்ணே."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! தனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்று நினைத்த வியாதி, தெருவில் எல்லோருக்கும் இருக்கிறது என்று தெரிந்த மாதிரி. "அப்ப இது சரியாயிரும்ல?" என்றார்.

"ஆகும். ஆனா மருந்து கிடையாது" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை அவர்.

என்னால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். மறுநாள் பஸ்ஸில் பையன்கள் போனைத் தூக்கியதும் எழுந்து நின்றேன். "தம்பிகளா, போனை எல்லாம் உள்ள வைங்க. இல்லேன்னா அடுத்த கவிதை உங்களப் பத்தித்தான். பேரு, டிபார்ட்மெண்ட் எல்லாம் போட்டு எழுதுவேன்." பரீட்சை ஹாலில் பயன்படுத்துகிற குரல் அது. போன்கள் பைக்குள் போயின. "நல்லாச் சொன்னீக" என்றார் பஞ்சவர்ணம் அக்கா. நிலாவுக்கு டிக்கெட் கேட்ட ஒரு பெரியவரையும் அவரே முறைத்து அடக்கிவிட்டார்.

அப்புறமும் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. டிக்கெட்... டிக்கெட்... விசில். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதும் எவ்வளவு சிரமம் தெரியுமா? நான் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போன வியாழக்கிழமை நல்ல மழை. ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு, உள்ளே ஈரமும் புழுக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு நெல் லாரி. அதைத் தாண்ட வழியில்லை. ஒரு ஸ்டாப்பில் முழுக்க நனைந்த ஒருவர் ஏறினார். கையில் வயர் கூடை. கூடைக்குள் அவரைவிட நனைந்த ஒரு சேவல்.

"சேவலுக்கு டிக்கெட் உண்டாண்ணே?" என்று அப்பாவியாகக் கேட்டார்.

வெள்ளைச்சாமி அண்ணன் சேவலைப் பார்த்தார். சேவல் அவரைப் பார்த்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அது கூவியது. உடனே, பதில் சொல்கிறவர் போல, ஒரு நொடிகூட யோசிக்காமல் அண்ணன் ஒன்று சொன்னார்...

அவ்வளவுதான். பஞ்சவர்ணம் அக்காவுக்குப் புரையேறியது. டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். நான் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஒன்றும் நடக்காதது போல அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். தான் என்ன சொன்னோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

கற்பனை எங்கிருந்து வருகிறது என்று இனி யாராவது கேட்டால், ஆழ்மனம் அது இது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வேறு ஏதோ வேலையாக இருக்கிறவர்களிடம் வருகிறது. வந்ததும் நாற்காலி போட்டு வரவேற்றால் கூச்சப்பட்டு ஓடிவிடுகிறது.

சரி, சேவலைப் பார்த்து அவர் என்னதான் சொன்னார்?

அதை மட்டும் எழுதுவதாக இல்லை!