கோழிக்குப் போன பகல் சோறு

அப்துல் ஸமட்டின் வளவில் மேயும் மூன்று கோழிகளைப்போல் கொழுத்த கோழி மருதமுனையில் வேறு எவர் வீட்டிலும் இல்லை. கோழி கொழுத்ததற்கும் மனிதர் மெலிந்ததற்கும் தொடர்பு இருக்கிறது என்பது மட்டும் அந்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒருவருக்கும் உறைக்கவில்லை. மற்ற வீட்டு விஷயமெல்லாம் உடனே உறைக்கிற ஒழுங்கைதான் அது.

ஸமட்டுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பது வருடம் நெல் லொறி ஓட்டியவர். மனைவி மவுத்தாகி ஒன்றரை வருடமாகத் தனியாள். ஒரே மகள் றஸ்னா, புருஷனோடு தெஹிவளையில் எட்டாம் மாடியில் இருக்கிறாள். இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஸமட் கட்டிய வீடும் றஸ்னாவின் கலியாணத்தோடு அவள் பெயருக்குப் போய்விட்டது. ஆகவே, "கிளினிக்கில சீனி இன்னொருக்கா இருநூறத் தாண்டினா, வீட்டப் பூட்டிப்போட்டு உங்கள இஞ்ச கூட்டிக்கு வந்திருவன் வாப்பா" என்று அவள் சொன்னபோது, அது வெறும் மிரட்டல் அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. லொறி இருக்கையை விட உயரமான இடத்தில் அவர் ஒருநாளும் குடியிருந்ததில்லை. இனிமேலும் இருக்க விருப்பமில்லை.

பகல் சோற்றுக்கு மகள் ஒழுங்கு செய்திருந்தாள். பக்கத்து வீட்டு சபியா உம்மா, சிவப்பரிசிச் சோறும் மீன் ஆணமும் கீரையும் பீங்கானில் போட்டு மூடிக்கொண்டுவந்து வைப்பாள். சரியாக ஒரு மணிக்கு றஸ்னா போனில் வீடியோ கோல் எடுப்பாள். ஸமட் பீங்கானைத் தூக்கிக் காட்டுவார். ஒரு பிடியை வாயில் வைத்தும் காட்டுவார்.

"என்ன மீன் வாப்பா?"

"பாரை."

"கீரையையும் தின்னுங்க."

"ஓம் மகள். தின்னாம?"

போன் அணைந்ததும் பீங்கான் குசினிப் பின்வாசலால் வெளியே போகும். ஸமட் இரண்டு பேக்கரிப் பனிஸை இனிப்புத் தேத்தண்ணியில் தோய்த்து நின்றபடியே விழுங்குவார். வீம்புக்கு அல்ல. சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை.

இதே மனிதர் கலியாண வீட்டில் வேறு ஆள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹனில் உட்கார்ந்தால் அவர் கை ஓயாது. போன மாதம் ஓர் இறைச்சித் துண்டுக்காக அவர் விரலும் கூட்டாளி பதியுதீனின் விரலும் மோதிக்கொண்டதை அந்த சஹனில் இருந்த அத்தனை பேரும் கண்டார்கள். பதியுதீனும் மனைவி இல்லாதவர். ஒழுங்கையின் கடைசி வீட்டில், கடை ரொட்டியில் காலம் தள்ளுகிறவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை றஸ்னா பேசி முடித்து, இரண்டு நிமிடத்தில் மறுபடியும் எடுத்தாள். கிளினிக் திகதி கேட்க மறந்துவிட்டாளாம். ஸமட் பின்படியில் உட்கார்ந்திருந்தார். யோசியாமல் போனை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வாப்பா, உங்களுக்குப் பின்னால என்ன அது?"

"கோழி."

"என்னத்தத் தின்னுது?"

ஸமட் அப்போதுதான் காண்கிறவர்போலத் திரும்பிப் பார்த்தார். "கீரை," என்றார்.

வெள்ளிக்கிழமை விடியவே றஸ்னா பஸ்ஸால் வந்து இறங்கினாள். கையில் ஒரு புதுப் பூட்டு. வந்த வேகத்தில் உடுப்பு, மருந்து, பீங்கான், கோப்பை எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கட்டினாள். சபியா உம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"முள்ளெடுத்துத் தந்த மீனெல்லாம் கோழிக்கா, ஸமட் காக்கா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா உமி அனுப்பியிருப்பனே."

ஸமட் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். ஜும்ஆவுக்குப் போய்வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் தானும் ஒரு சாமானாக உட்கார்ந்தார்.

றஸ்னா ஆக்கிய சோற்றைப் போட ஒரு பீங்கான்கூட வெளியே மிஞ்சவில்லை. அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய சஹன் தட்டைத்தான் றஸ்னா இறக்கிக் கழுவினாள். இரண்டு பேருக்கும் அதிலேயே போட்டு, வாப்பாவுக்கு எதிரே அமர்ந்தாள். ஸமட் ஒரு பிடி எடுத்தார். பிறகு இன்னொன்று. கீரை போனது. மகளின் பக்கத்து மீனும் மெல்ல இந்தப் பக்கம் வந்தது. வாசலில் கோழிகள் காத்து நின்று கால் மாற்றிக்கொண்டன.

"இவ்வளவு நாளும் என்ன வாப்பா?"

"தனிய இருந்து தின்ன ஏலா மகள். அந்தப் பக்கம் ஒரு கை வேணும்."

றஸ்னா தட்டைப் பார்த்தாள். தெஹிவளையில் அவளும் புருஷனும் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் திரும்ப ஆறு மணியாகும். எட்டாம் மாடியில் பகல் ஒரு மணிக்கு யாருடைய கையும் இருக்காது. கை கழுவியதும் பெட்டியைத் திறந்து பீங்கான்களை வெளியே எடுத்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு நடந்தாள்.

இப்போது சபியா உம்மா ஸமட்டுக்கும் பதியுதீனுக்கும் ஒரே சஹனில் சோறு வைக்கிறாள். ஒரு மணிக்கு றஸ்னாவின் வீடியோவில் இரண்டு கைகள் தெரிகின்றன. சில நாள் ஒன்றை ஒன்று தட்டிவிடுவதும் தெரிகிறது. அடுத்த கிளினிக்கில் ஸமட்டின் சீனி நூற்று எண்பத்தெட்டு.

"எல்லாம் என்னாலதான் மகள்," என்று பதியுதீன் போனுக்குள் தலையை நீட்டினார். "இவர்ர பங்கில பாதிய நான்தானே தின்றன்."

சோற்று நேரத்தில் கோழிகள் குசினிக்குள் நுழைந்து தொல்லை தருகின்றன. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? றஸ்னா வீட்டுக்கென்று வாங்கி வந்த புதுப் பூட்டு, பகல் ஒரு மணி தொடக்கம் இரண்டு மணி வரை கோழிக்கூட்டில் தொங்குகிறது.