விளங்காமல் போன பத்து நிமிடம்

“பொறடி, உனக்கு என்ன அந்தரம்?” என்று, அவசரப்படும் பிள்ளையை அதட்டுவதுபோல் அதட்டிக்கொண்டுதான் தில்லைநாயகி சலவை இயந்திரத்தின் கதவைத் திறப்பார். ஜெர்மன் பேசும் ஊரான எம்மன்புரூக்கேயில் ஒரு முதியோர் இல்லத்தின் நிலவறையில் இருபத்திரண்டு வருடங்களாக அவருக்கு இதுதான் வேலை. அங்கே இயந்திரங்கள் நான்கு. நான்கோடும் தமிழில்தான் பேச்சு. யாரோடு பேசுகிறீர்கள் என்று மேலாளர் ஒருநாள் கேட்டபோது, வீட்டில் தமிழ் பேச ஆளில்லை, அதனால் இவற்றோடு பேசுகிறேன் என்று சிரிக்காமல் பதில் சொன்னார்.

வயது ஐம்பத்தெட்டு. சவர்க்காரத் தூளில் வெடித்த விரல்கள், நெற்றியில் அழியாத திருநீறு. கோபம் வந்தால் மூக்கை ஒருமுறை உறிஞ்சுவார். தெரிந்தவர்கள் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு தாய், “எங்கட பிள்ளைக்குத் தமிழ் வராது” என்று சிரித்தபடி சொன்னாள். தில்லைநாயகி தேநீரைக் கீழே வைத்தார். “பெருமையோ இது? பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுற மாதிரிச் சொல்லு.” அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வருவதில்லை.

அதே நிலவறையில் துணி மடிப்பவள் ஹலினா. போருக்குத் தப்பி உக்ரைனின் கார்கிவ் நகரிலிருந்து ஆறு வயது மகள் சொலோமியாவுடன் வந்தவள். சென்ற மாதம் அவள் பள்ளியிலிருந்து வந்த ஒரு தாளை நீட்டினாள். பிள்ளையின் ஜெர்மன் போதாது, இனி வீட்டிலும் ஜெர்மன் மட்டும் பேச வேண்டும், சந்திப்புக்கு வந்து அதற்குச் சம்மதமாகக் கையெழுத்திட வேண்டும் என்றிருந்தது. ஹலினா ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தாள். மகளுக்குத் தலை வாரும்போது தனக்குத் தெரிந்த நாற்பது ஜெர்மன் சொற்களையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாளாம். பிள்ளை இப்போதெல்லாம் பேசுவதே குறைவு என்றாள்.

தில்லைநாயகி மூக்கை உறிஞ்சினார். தானும் வருவதாகச் சொன்னார்.

அவருடைய மகன் சிந்துஜனுக்கு நான்கு வயதானபோது இதே அறிவுரைதான் கிடைத்தது. அவரும் கணவர் பாலேந்திரனும் தலையாட்டி, பிள்ளையோடு தமிழ் பேசுவதை நிறுத்தினார்கள். பிள்ளை கெட்டிக்காரனாக வளர்ந்தான், வங்கியில் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் பாலேந்திரன் மருத்துவமனையில் கிடந்தபோது, வலி மருந்தில் அவரிடமிருந்த ஜெர்மன் முழுவதும் போய்விட்டது. ஒரு பிற்பகல் மகன் மட்டும் பக்கத்தில் இருந்தான். தில்லைநாயகி வேலை முடித்து ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பா பத்து நிமிடம் தன் கையைப் பிடித்துப் பேசினார் என்று மகன் அழுதான். என்ன பேசினார் என்று கேட்டார் தில்லைநாயகி. அவனுக்கு விளங்கவில்லை. ‘தம்பி’ என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டதாம்.

சந்திப்புக்குச் சொலோமியாவும் வந்திருந்தாள். ஆசிரியை இளம்பெண். மரியாதையானவர், காப்பி கொடுத்தார். உக்ரைன் மொழியைப் பிள்ளை பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றார். பிறகு என்றால் எப்போது என்று தில்லைநாயகி கேட்டார். ஆசிரியை புன்னகைத்தார். அந்தப் புன்னகையை இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பே பார்த்தவர் தில்லைநாயகி. தன் உடைந்த ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“எனக்கும் இதைத்தான் சொன்னீர்கள். நான் கேட்டேன். என் கணவர் கடைசியாகச் சொன்னது என் மகனுக்கு விளங்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.”

ஆசிரியை முகம் சிவந்து, நல்ல எண்ணத்தில்தான் சொன்னதாக மெல்லக் கூறினார்.

“எனக்கும் நல்ல எண்ணத்திலதான் சொன்னவை.” இது தமிழில் வந்துவிட்டது. தில்லைநாயகி அதை மொழிபெயர்க்கவில்லை.

ஹலினா மகளின் பக்கம் திரும்பினாள். நடந்ததில் தனக்கு விளங்கியதையெல்லாம் தன் மொழியில் அவளுக்குச் சொல்லத் தொடங்கினாள். முதலில் தயங்கியும், பிறகு வேகமாகவும். சொலோமியா இடையிடையே ஏதோ கேட்டாள்; தாய் பதில் சொன்னாள். மேசையில் தாள் இருந்தது, அதன்மேல் பேனாவும் இருந்தது. தில்லைநாயகி பேனாவை ஒதுக்கி, கையெழுத்துக்கான கோட்டின்மீது தன் வெடித்த உள்ளங்கையை விரித்து வைத்தார். அவர்கள் பேசி முடிக்கும்வரை எடுக்கவில்லை.